வாய்ப் புற்றுநோயும் ரண சிகிச்சையும்

சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் கணக்குகளைத் தணிக்கை செய்வதற்காகச் சென்ற ஆண்டு சென்றிருந்தேன். கூலிப் பட்டியலில், தவறாமல் பாவு வாங்கித் தவறாமல் சேலை கொடுத்து வந்த அங்கத்தினர் ஒருவரின் பெயருக்கு நேரே மூன்று மாதங்களாக ஒன்றும் எழுதப்படவில்லை. காரணம் கேட்டபொழுது, அவருடைய இடது கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண் ஒன்று இருப்பதாகவும், அது புற்றுநோய் எனப் பரிசோதனையில் தெரிந்திருப்பதாகவும் சொன்னார்கள். அன்று மாலை அவர் வீட்டிற்குச் சென்றேன். அவர் கேட்ட கேள்வி இதுதான்: "ஐயா, புண் இருப்பது கன்னத்திலே. கழுத்திலே கட்டி ஒன்றுமில்லை என்று டாக்டரே தடவிப் பார்த்துச் சொன்னார். அப்படியிருக்கக் கழுத்தையும் ஏன் அறுக்க வேண்டும் என்கிறார்கள்?"

அக்கேள்விக்கு அன்று என்னால் விடை கூற இயலவில்லை. பின்னர் மருத்துவ நண்பர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றை, நம் சங்க அன்பர்கள் அனைவருக்கும் பயன்படக்கூடும் என்று கருதி இங்கே எழுதுகிறேன். வெற்றிலை, பாக்கு, புகையிலை ஆகிய மூன்றும் நம் தறிக்குழியிலும் வயல் வரப்பிலும் நீங்காத் துணையாக இருந்து வருவதால், இந்நோய் நமக்கு அயலானதன்று.

நோய் தோன்றும் விதம்

நம் உடல் எண்ணற்ற நுண்ணிய உயிரணுக்களால் ஆனது. தேய்ந்தவை மறையப் புதியவை தோன்றுவது இயற்கை. இந்த ஒழுங்கு கெட்டு, ஓரிடத்து அணுக்கள் வரம்பின்றிப் பெருகி, அண்டைத் தசையினுள் புகுந்து அரிக்கத் தொடங்குவதே புற்றுநோய். புகையிலை சேர்ந்த தாம்பூலம் இந்நோயை விளைவிக்கும் என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1985-இல் அறிவித்தது. புகையிலை சேராவிடினும் பாக்கு மட்டுமே நோய்க்குக் காரணமாகக்கூடும் என்பதைப் பின்னர் 2004-இல் வெளியிட்டது. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று ஆறுதல் கொள்பவர்கள் இதனை மனத்திற் கொள்ள வேண்டும்.

கோரையும் கிழங்கும்

உழவர்களுக்குக் கோரையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேலே தெரியும் புல்லைப் பறித்துவிட்டால் வயல் சுத்தமாகத் தோன்றும். மண்ணுக்கடியில் நூல் போன்ற வேர் ஓடி, ஒரு சாண் தள்ளி வேறொரு கிழங்கு காத்துக்கொண்டிருக்கும். அடுத்த நீர் பாய்ந்ததும் அது தலைகாட்டும்.

வாய்ப் புற்றுநோயின் போக்கும் ஏறத்தாழ இத்தகையதே. கன்னம், நாக்கு ஆகிய இடங்களிலிருந்து நிணநீர் என்னும் தெளிந்த நீர், மெல்லிய நாளங்கள் வழியே கழுத்திலுள்ள சிறு கழலைகளுக்குச் செல்கிறது. இவற்றை நெறிக்கட்டுகள் என்பது உலக வழக்கு. மூலப் புண்ணிலிருந்து பிரிந்த நோயணுக்கள் இந்நீரோடு சென்று முதலில் தங்குவது இக்கழலைகளில்தான். அவை சில அணுக்களாக இருக்கும்பொழுது, தேர்ந்த மருத்துவரின் விரலுக்கும் அகப்படுவதில்லை. படக்கருவிகளுக்கும் எப்பொழுதும் புலப்படுவதில்லை. வாய்ப் புற்றுநோயின் தொடக்க நிலையில், கழுத்தில் எதுவும் தென்படாத நோயாளிகள் நூறு பேரை எடுத்துக்கொண்டால், அவர்களுள் 20 முதல் 30 பேர் வரை மறைந்த நிலையில் நோய் கழுத்தை எட்டியிருக்கும். நம் நெசவாள அன்பர் கேட்ட கேள்வியின் முதற்பாதிக்கு இதுவே விடை.

கழுத்து ரண சிகிச்சையின் வரலாறு

கழுத்துக் கழலைகளை ஒரு தொகுதியாக அகற்றும் முறையை அமெரிக்க ரண வைத்தியர் ஜார்ஜ் கிரைல் என்பவர் 1906-இல் விளக்கி எழுதினார். அம்முறை நோயை வென்றது. ஆயினும் கொடுத்த விலை பெரிது. கழலைகளோடு கழுத்தின் பெரிய தசையும், கழுத்து இரத்தக் குழாய் ஒன்றும், தோளைத் தூக்கும் நரம்பும் சேர்ந்தே போயின. அந்நரம்பை இழந்தவனுக்குத் தோள் தாழ்ந்துவிடும். கையைத் தோளுக்கு மேல் உயர்த்துவது கடினம். நாள் முழுதும் கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டும் நெசவாளனுக்கு இஃது எத்தகைய இழப்பு என்பதை நாம் உணர்வோம்.

ஆர்ஜென்டினா நாட்டின் சுவாரெஸ் 1963-இலும், இத்தாலியின் பொக்கா 1967-இலும், தசையையும் நரம்பையும் இரத்தக் குழாயையும் காப்பாற்றிக்கொண்டு கழலைகளை மட்டும் உரித்தெடுக்கும் வழியை எடுத்துக்காட்டினர். அதன் பின்னர், நோய் எந்தக் கழலைகளுக்கு முதலில் செல்லும் என்பது நன்கு விளங்கியதால், கழுத்தின் மேற்பகுதிக் கழலைகளை மட்டும் எடுக்கும் சிறிய ரண சிகிச்சையும் வழக்கத்திற்கு வந்தது.

பம்பாயில் நடந்த பெரிய ஆராய்ச்சி

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். கழுத்தில் ஒன்றும் தென்படாதபொழுது, வாய்ப்புண்ணை அகற்றும்போதே கழுத்துக் கழலைகளையும் எடுத்துவிடுவதா, அல்லது காத்திருந்து, பின்னர்க் கட்டி தோன்றினால் எடுப்பதா? ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வைத்தியர்கள் இதில் இரு கட்சிகளாக நின்றனர். எல்லோருக்கும் கழுத்தை அறுத்தால், நூறு பேரில் எழுபது பேருக்கு வீணாக அறுத்ததாகாதா என்பது ஒரு சாராரின் வாதம்; காத்திருந்து நோய் முற்றியபின் அறுத்துப் பயனென்ன என்பது மறு சாராரின் வாதம்.

இவ்வழக்கிற்குத் தீர்ப்பு நம் நாட்டிலிருந்தே கிடைத்தது என்பது நாம் பெருமைப்படத்தக்கது. பம்பாய் நகரில் 1941-இல் தொடங்கப்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனையில், டாக்டர் அனில் டிகுரூஸ் அவர்களும் அவருடைய குழுவினரும் 2004 முதல் 2014 வரை இதற்கென ஓர் ஆராய்ச்சி நடத்தினர். தொடக்க நிலை வாய்ப் புற்றுநோய் கொண்டு, கழுத்தில் எதுவும் தென்படாத நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்கு வாயிலும் கழுத்திலும் ஒரே வேளையில் ரண சிகிச்சை. மற்றப் பிரிவினருக்கு வாயில் மட்டும் செய்து, கழுத்தைக் கண்காணித்து வந்து, நோய் தோன்றினால் அறுத்தல். எவர் எப்பிரிவு என்பதை வைத்தியரும் தேர்ந்தெடுக்கவில்லை, நோயாளியும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே இரு பிரிவும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவையாயின.

முதல் 500 பேரைப் பற்றிய முடிவுகள் 2015-இல் வெளியாயின. மூன்றாண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள், கழுத்தையும் உடனே அறுத்த பிரிவில் நூற்றுக்கு 80. காத்திருந்த பிரிவில் நூற்றுக்கு 67.5. நோய் திரும்பத் தோன்றியவர்கள் முதற்பிரிவில் 81 பேர். இரண்டாம் பிரிவில் 146 பேர். வேறு விதமாகச் சொன்னால், எட்டுப் பேருக்குக் கழுத்து ரண சிகிச்சையை உடனே செய்தால் ஓர் உயிர் கூடுதலாகக் காக்கப்படுகிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. உடனே செய்யப்பெற்றது, மேற்பகுதிக் கழலைகளை மட்டும் எடுக்கும் சிறிய ரண சிகிச்சை. காத்திருந்து, கட்டி தோன்றிய பின் செய்ய நேர்ந்ததோ கழுத்து முழுவதையும் தழுவிய பெரிய ரண சிகிச்சை. "இப்போதைக்குச் சிறியதாகப் போகட்டும்" என்று ஒத்திப்போட்டவர்களில் பலர், பின்னர்ப் பெரியதற்கு உட்பட நேர்ந்தது. தவணை தவறிய கடனின் வட்டியைப் போல இதுவும் ஏறுகிறது.

மிக மெல்லிய, ஆழமற்ற புண்களுக்கு இந்த நன்மை அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. அத்தகையவற்றில் முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. மேலும், முதலாவதாக நிணநீர் சென்றடையும் காவற் கழலையை மட்டும் கண்டறிந்து எடுத்துச் சோதித்து, அதில் நோயிருந்தால் மாத்திரமே மற்றவற்றை எடுக்கும் முறை, பெரிய ரண சிகிச்சைக்குக் குறைந்ததன்று என்பதைப் பிரான்சு நாட்டில் 2020-லும் ஜப்பானில் 2021-லும் வெளிவந்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. இதற்குத் தனிக் கருவிகளும் பயிற்சியும் தேவை.

இழந்ததை ஈடு செய்தல்

கன்னத்தை அறுத்தால் ஓட்டை விழுமே, முகம் என்னாகும் என்ற அச்சமும் பலரைத் தடுக்கிறது. சேலையில் கிழிசல் விழுந்தால் அதே சேலையின் முந்தானையிலிருந்து துண்டெடுத்து ஒட்டுப் போடுவதுண்டல்லவா? அதுபோல, மார்புத் தசையின் ஒரு பகுதியை அதன் இரத்தக் குழாயோடு சேர்த்துத் திருப்பி முகத்தில் பொருத்தும் முறை 1979-இல் வெளியாகி உலகெங்கும் பரவியது. இப்பொழுது முன்கைத் தோலையோ, தாடை எலும்பு போனவர்களுக்குக் கணுக்காலுக்கு மேலுள்ள மெல்லிய எலும்பையோ எடுத்து வந்து, இரத்தக் குழாய்களை நுண்பெருக்கிக் கண்ணாடியின் உதவியால் தைத்து இணைக்கிறார்கள். முகம் முன்போலவே ஆகிவிடும் என்று கூற இயலாது. உண்ணவும் பேசவும் ஊரில் நடமாடவும் முடியும்.

பெண் அங்கத்தினர்களுக்கு ஒரு சொல்

மார்பகப் புற்றுநோயில் மார்பையும் தசையையும் முழுதும் அகற்றுவதே 1894 முதல் நெடுங்காலம் விதியாக இருந்தது. தொடக்க நிலையில் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளித்தாலும் ஆயுள் குறைவதில்லை என்பது, இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2002-இல் உறுதியாயிற்று. டாட்டா மருத்துவமனையின் டாக்டர் ராஜேந்திர பட்வே குழுவினர், பல் பிடுங்கும்போது மரத்துப்போகச் செலுத்தும் லிக்னோகெயின் மருந்தை, கட்டியைச் சுற்றி ரண சிகிச்சைக்குச் சற்று முன் ஊசி வழியே செலுத்திப் பார்த்தனர். சுமார் 1,600 பெண்களிடம் நடத்திய அந்த ஆராய்ச்சி 2023-இல் வெளியாயிற்று. ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தோர் நூற்றுக்கு 86.4-லிருந்து 90.1 ஆக உயர்ந்தனர். விலை மலிந்த ஒரு மருந்தால் இவ்வளவு என்பது வியப்பே. பிற நாடுகளும் இதனைச் சோதித்து உறுதி செய்ய வேண்டும்.

எங்கே செல்வது?

தமிழகத்தில் இத்துறைக்கு வித்திட்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், பல்லாண்டு முயன்று அடையாற்றில் எழுப்பிய புற்றுநோய் நிலையம் 1954 ஜூன் 18-ஆம் நாள் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-இல் மறைந்த டாக்டர் சாந்தா அம்மையாரும் அதனை வளர்த்தனர். நெசவாளர் நகரமாகிய காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில், புற்றுநோயால் 1969-இல் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயரால் அரசினர் புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. நம் பகுதியினருக்கு இன்னும் அருகில் இருப்பது புதுச்சேரி ஜிப்மர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை உள்ள குடும்பங்களுக்குப் புற்றுநோய் ரண சிகிச்சையும் அதில் அடங்கும். அட்டை எடுக்காத அங்கத்தினர்களுக்கு அதனைப் பெற்றுத் தருவதைச் சங்கச் செயலாளர்கள் தம் கடமைகளுள் ஒன்றாகக் கொள்ளலாம். நகையை அடகு வைத்த பிறகு அட்டையைத் தேடுவதில் பயனில்லை.

இவை அனைத்தினும் எளிய வழி ஒன்றுண்டு. கேரளத்தில் திருவனந்தபுரம் பகுதியில் 1996-இல் தொடங்கிய ஆராய்ச்சியில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயை விளக்கொளியில் பார்த்தார்கள், அவ்வளவே. புகையிலை, மது ஆகியவற்றில் பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோயால் நேரும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-இல் தெரியவந்தது. மாதம் ஒருமுறை கண்ணாடியின் முன் நின்று, கன்னத்தை விலக்கி, நாக்கைத் தூக்கிப் பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை. இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பதில் இறுக்கம், கழுத்தில் நெறி ஆகிய எதைக் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். கத்தி பட்டால் நோய் பரவும் என்னும் பேச்சை நம்பிக் காலங்கடத்தியவர்களே, கத்தியாலும் காப்பாற்ற முடியாத நிலையில் போய்ச் சேருகிறார்கள்.

நிற்க. முதலிற் கூறிய நெசவாள அன்பர் கடைசியில் ரண சிகிச்சைக்கு உடன்பட்டார். எடுத்த கழலைகளைச் சோதித்ததில், விரலுக்குத் தட்டுப்படாத ஒன்றில் நோய் இருந்ததாம். கதிர்வீச்சுச் சிகிச்சையும் முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். பேச்சில் சிறிது குழறல் உண்டு. வாய் முன்போல் அகலத் திறப்பதில்லை. தோள் தாழவில்லை. அண்மையில் தணிக்கைக்குச் சென்றபொழுது கூலிப் பட்டியலைப் புரட்டினேன். அவர் பெயருக்கு நேரே இரண்டு சேலைகளுக்கான கூலி எழுதப்பட்டிருந்தது. வழக்கமான அளவில் அது பாதிதான். சங்கத் தலைவர் தம் இடுப்பிலிருந்த புகையிலைப் பொட்டலத்தை எடுத்து மேசை மேல் வைத்து, "இதை நானும் விட்டுவிட்டேன்" என்றார். விட்டுவிட்டவரின் இடுப்பில் அஃது ஏன் இருந்தது என்று நான் கேட்கவில்லை. அடுத்த தணிக்கையில் கேட்பேன்.