பத்த வைக்கலாம்... வெடிக்காது!

"இதுல என்னப்பா இருக்கு? வெடியா?"

பார்சலைக் கொஞ்சம் தள்ளியே பிடித்துக்கொண்டு கேட்டார் தபால்காரர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊர் இருக்கன்குடி. பஸ் ஏறினால் சாத்தூர், அங்கே மாறி ஏறினால் சிவகாசி. இந்தப் பக்கத்திலிருந்து பார்சல் வெளியே போனாலும் சந்தேகம்தான். வெளியேயிருந்து உள்ளே வந்தாலும் சந்தேகம்தான்!

"இல்லண்ணே, ஆம்ப்ளிஃபயர். உதிரியா வந்திருக்கு. நானே வீட்டுல பூட்டப் போறேன்."

"கோயிலுக்கா?"

"இல்லண்ணே... காதுக்கு!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர். அதுவும் நம் தாத்தா காலத்து ரேடியோவில் இருந்ததே, கண்ணாடிக் குப்பிக்குள் ஆரஞ்சு நிறத்தில் மினுக்கும் வால்வு... அதில் ஓடுவது. தகடு, ட்ரான்ஸ்ஃபார்மர், வால்வு, ஒரு பிடி ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் என்று எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு, "நீயே செய்துகொள்" என்று ஒரு புத்தகத்தையும் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறவன் நான். தீபாவளி போனஸ் மொத்தமும் இந்தப் பெட்டிக்குள் போய்விட்டது. வீட்டில் இன்னும் முழு விலையைச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்!

ஐநூறு ரூபாய்க்கு அழகாக இயர்போன் கிடைக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் அப்பா.

அப்பா எங்கள் ஊர்ப் பக்கம் ரேடியோ செட்டுக்காரர். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கட்சிக் கூட்டம் எதுவானாலும் வேப்ப மரத்தில் குழாய் கட்டுவது அவர்தான். ஆடிக் கடைசி வெள்ளி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அர்ஜுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடத்தில் இருக்கும் மாரியம்மனைப் பார்க்க லட்சக்கணக்கில் ஜனம் நடந்து வரும். விடிகாலையில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்கினால் ராத்திரி வரை எல்.ஆர். ஈஸ்வரிதான். எல்லாவற்றையும் ஊருக்குக் கேட்க வைத்தது அப்பாவின் வால்வு ஆம்ப்ளிஃபயர். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி வால்வு தயாரித்த காலம் அது. அந்த வால்வை அப்பா துணி சுற்றி, முட்டை மாதிரி எடுத்துப் போவார்.

அப்புறம் ட்ரான்சிஸ்டர் செட் வந்தது. பெட்டி ஸ்பீக்கர் வந்தது. கூம்புக் குழாய் கட்டக் கூடாது என்று போலீஸ் கெடுபிடி வந்தது. அப்பா தொழிலை விட்டார். செட்டு மட்டும் பரணில் இருந்தது.

சில வருஷங்களுக்கு முன் அப்பா கண் ஆபரேஷனுக்காக மதுரையில் இருந்தபோது, நான் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தேன். பரணைக் காலி பண்ணினேன். அந்தச் செட்டைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன்.

அப்பா திரும்பி வந்து பரணைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "ட்ரான்ஸ்ஃபார்மர் செம்புக்குத் தனியா காசு குடுத்தானா?" என்று மட்டும் கேட்டார்.

கொடுக்கவில்லை. அந்தக் கேள்விதான் போனஸை விழுங்கிவிட்டது.

அம்மன் கோயில் விஞ்ஞானம்

வால்வு எப்படி வேலை செய்கிறது? எங்கள் ஊர் பாஷையில் சொல்கிறேன்.

ஆடி வெள்ளி வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். வால்வுக்குள் ஒரு இழை சூடாகிறது. அந்தச் சூட்டில் கேதோடு என்கிற தகட்டிலிருந்து எலெக்ட்ரான்கள் பக்தர்கள் மாதிரி கிளம்புகின்றன. எதிரே பாசிட்டிவ் வோல்டேஜ் கொடுத்த பிளேட். அதுதான் சன்னிதி, அது இழுக்கிறது. நடுவில் யாரும் மறிக்கக் கூடாது என்பதற்காகத்தான் குப்பிக்குள் காற்றையே உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். இப்போது நடுவில் ஒரு கயிற்றைக் கட்டி ஒரே ஒரு போலீஸ்காரரை நிறுத்துங்கள். அவர் கயிற்றைக் கொஞ்சம் இறுக்கினால் கூட்டம் நிற்கும்; கொஞ்சம் தளர்த்தினால் திபுதிபுவென்று போகும். அவருக்குப் பெரிய பலம் தேவையில்லை. சின்னக் கை அசைவு, பெரிய கூட்டம்! அந்தக் கயிறுதான் கிரிட். செல்போனிலிருந்து வரும் சின்ன சிக்னல் கயிற்றை அசைக்கிறது. பெரிய கரண்ட் அதே தாளத்தில் ஆடுகிறது. ஆம்ப்ளிஃபயர் என்பது இவ்வளவுதான்.

1904-ல் இங்கிலாந்தில் ஃபிளெமிங் கயிறு இல்லாத வால்வைச் செய்தார். 1906-ல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் நடுவில் கயிற்றைக் கட்டினார். 1947-ல் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் ட்ரான்சிஸ்டர் பிறந்தது. மெல்ல மெல்ல வால்வுக்குச் சங்கு ஊதியது. ஆனால் முழுசாகச் சாகவில்லை. ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் இன்றும் வால்வு செய்கிறார்கள். கிடார் வாசிப்பவர்களும் என்னைப் போன்ற பைத்தியங்களும் வாங்குகிறோம்.

என் கிட்டில் இரண்டு வால்வு. 12ஏயூ7 என்கிற குட்டி, 6080 என்கிற குண்டு. இரண்டின் இழைகளையும் சூடாக்கவே கிட்டத்தட்ட 18 வாட் போகிறது. காதுக்குள் போகிற சத்தத்துக்கோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட வேண்டாம். சிக்கனத்தில் எங்கள் மாமாவைத் தோற்கடித்துவிடும்!

ஒரு கையைப் பின்னால கட்டு!

ஞாயிற்றுக்கிழமை. திண்ணையில் தினத்தந்தியை விரித்து உட்கார்ந்தேன். சோல்டரிங் அயர்னைச் சூடாக்கினேன். உள்ளேயிருந்து அம்மா, "என்னடா பண்ற?" என்றார்.

"பத்த வைக்கிறேம்மா!"

அடுத்த நொடி அம்மா ஒரு குடம் தண்ணீருடன் வாசலில் நின்றார். எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். ஈயம் வைத்து இரண்டு கம்பியை ஒட்டுவதையும் பத்த வைப்பது என்றே சொல்வார்கள் என்று விளக்குவதற்குள் அயர்ன் ஆறிவிட்டது.

அப்பா திண்ணையின் அந்த ஓரத்தில் உட்கார்ந்து பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காகக் குழாய்ப் பக்கத்திலேயே நின்றதில் அவருக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. இடது காது சுமார். காதுக்குள் இருக்கிற நுண்ணிய மயிர் செல்கள் ஒரு தடவை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. தலைமுடி போனால் கண்ணாடி காட்டிக்கொடுக்கும். இது போனால் எதுவும் காட்டாது.

ரெசிஸ்டரில் வண்ணக் கோடுகள். மஞ்சள், ஊதா, பழுப்பு என்றால் 470 ஓம். மஞ்சள், ஊதா, ஆரஞ்சு என்றால் 47 ஆயிரம் ஓம். ஒரு கோடு மாறினால் நூறு மடங்கு வித்தியாசம். ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்தே வைத்தேன். பெருமையாக இருந்தது. ட்ரான்ஸ்ஃபார்மருக்கு வந்தேன். புத்தகத்தில் போட்டிருந்த முதல் படத்தைப் பார்த்துக் கம்பிகளை இணைத்தேன்.

"நிப்பாட்டு!"

அப்பாவின் குரல். ஒரு மாதத்தில் என்னிடம் அவர் சத்தமாகப் பேசிய முதல் வார்த்தை.

"இது எந்த ஊர்ச் சாமான்?"

"அமெரிக்காப்பா."

"அங்க 120 வோல்ட். இங்க 230. இதுல ரெண்டு சுத்து தனித்தனியா இருக்கு பாரு. நீ ரெண்டையும் பக்கம் பக்கமா சேத்திருக்க. நம்ம கரண்டுக்கு ஒண்ணோட வால ஒண்ணோட தலையில சேக்கணும். இப்ப பிளக்கச் சொருகியிருந்தா, உங்கம்மா குடத்துக்கு வேலை வந்திருக்கும்!"

புரட்டிப் பார்த்தேன். அடுத்த பக்கத்திலேயே 230 வோல்ட்டுக்கான படம் இருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

அதற்கு மேல் அப்பா நகர்ந்து என் பக்கத்தில் வந்துவிட்டார். பரணில் நான் விட்டுவைத்த ஒரே பொருளான 100 வாட் குண்டு பல்பைத் தேடி எடுத்தார். அதை மெயின் வயரில் சீரிஸில் போட்டார். "உள்ள எங்கயாவது ஷார்ட் இருந்தா பல்பு பளீர்னு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். செட்டு பொழச்சுக்கும். எல்.இ.டி. பல்பெல்லாம் இதுக்கு ஆகாது."

ஸ்விட்ச் போட்டோம். பல்பு பிரகாசமாக எரிந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. "பொறு. இழை குளிர்ந்து கிடக்கு, அதான்" என்றார். சொன்ன மாதிரியே பல்பு மெல்ல மங்கியது. குப்பிக்குள் ஆரஞ்சு வெளிச்சம் எழுந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்!

ஹெட்போனை மாட்டினேன். இடது பக்கம் ம்ம்ம் என்று ஒரு ரீங்காரம். வலது பக்கம் மௌனம்.

"ரீங்காரமா? இழைக்குப் போற ரெண்டு வயரையும் முறுக்காம விட்டிருப்ப." ஆமாம். போகிற வயரும் வருகிற வயரும் கயிறு மாதிரி முறுக்கியிருந்தால் ஒன்றின் தொந்தரவை இன்னொன்று அடித்துவிடும். ஆஃப் பண்ணி, கெப்பாசிட்டரில் தேங்கிய கரண்டை ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே முறுக்கினேன். ரீங்காரம் அடங்கியது. வலது பக்கம் மட்டும் அசையவில்லை.

"டிரை சோல்டரா இருக்கும்" என்று எழுந்து போனார் அப்பா. திரும்பி வந்தபோது கையில் தீபாவளி ராக்கெட்டின் நீளக் குச்சி! காய்ந்த மூங்கில், கரண்ட் பாயாது. இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "உள்ள 170 வோல்ட் இருக்கு. ரெண்டு கையும் உள்ள போனா நெஞ்சு வழியாப் பாயும். எப்பவும் ஒரு கைதான்" என்றார்.

குச்சியால் ஒவ்வொரு ஒட்டாகத் தட்டினார். கரகரப்பு எங்கே வருகிறது என்று கேட்க வேண்டும். அவருக்குக் கேட்காது. எனக்கோ எங்கே தட்டுவது என்று தெரியாது. அவர் தட்ட, நான் கேட்க... பதினேழாவது ஒட்டில் காதுக்குள் 'கர்ர்க்' என்றது.

"இங்கதாம்ப்பா!"

பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஈயம் மேலே உட்கார்ந்திருந்ததே தவிர, கம்பியைப் பிடிக்கவில்லை. ஆஃப் பண்ணி, திரும்பவும் பூஜ்யம் பார்த்து, மறுபடி பத்த வைத்தேன். பாட்டு இரண்டு பக்கமும் வந்தது.

செய்யப் போகிறீர்களா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அளந்து பார்த்தால், இப்போது வருகிற சின்னச் சிப்பு இதைவிடச் சுத்தமாகச் சத்தம் தரும். வால்வு கொஞ்சம் கலப்படம் செய்கிறது. முக்கியமாக ஒரு ஸ்தாயி மேலே அதே ஸ்வரத்தைச் சேர்க்கிறது. காதுக்கு அது இதமாக இருக்கிறது, அவ்வளவுதான். என் கிட் மாதிரி, வெளியே போகிற வழியில் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகைக்கு 300 ஓம் ஹெட்போன்தான் பொருந்தும். பஸ்ஸில் மாட்டுகிற 32 ஓம் இயர்போன் சரிப்படாது. சோல்டரிங்கே பிடித்துப் பழகாதவர்கள் முதலில் பேட்டரியில் ஓடும் சின்னக் கிட்டில் கை பழகுங்கள். மூன்று பின் பிளக், எர்த், பக்கத்தில் ஒரு ஆள்... இது மூன்றும் இல்லாமல் வால்வைத் தொடாதீர்கள்.

கடைசியில் ஹெட்போனை அப்பாவுக்கு மாட்டினேன். சீர்காழியின் பிள்ளையார் பாட்டு. அவருக்குக் கேட்க வேண்டுமே என்று வால்யூமை முழுக்கத் திருகப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"கொறடா. இருக்கிற ஒரு காதையும் எடுத்திராத. நீயும் கூட வச்சுக் கேக்காத. நான் அப்படித்தான் விட்டேன்."

உலக சுகாதார நிறுவனமும் அதையேதான் சொல்கிறது. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 ஆகிவிட்டால் 4 மணி நேரம்தான். அப்பா கணக்கில் எத்தனை ஆடி வெள்ளி!

கண்ணை மூடிப் பாட்டு முழுதும் கேட்டார். கழற்றி, துணியால் துடைத்து வைத்தார்.

"எப்படிப்பா இருக்கு?"

"நம்ம பழைய செட்டு இன்னும் நல்லாருக்கும்" என்றார். கொஞ்சம் நேரம் கழித்து, "இதப் பரண்ல வைக்காத. கீழயே இருக்கட்டும்" என்றார்.

இப்போது தினமும் ராத்திரி, குறைந்த சத்தத்தில், அரை மணி நேரம் அவருக்கு. மிச்சம் எனக்கு. அம்மாவுக்குத்தான் மனத்தாங்கல்.

"ஊருக்கே கேக்குற மாதிரி பாட்டுப் போட்ட மனுசன், இப்ப பக்கத்துல இருக்கிற எனக்குக்கூடக் கேக்காமப் போட்டுக்கிறாரு. இதுக்கா அம்புட்டுக் காசு?"

எவ்வளவு காசு என்று அம்மா இன்னும் கேட்கவில்லை. அடுத்த தீபாவளி வரை கேட்காமல் இருக்க மாரியாத்தாதான் காப்பாற்ற வேண்டும்!