சந்தாபுராவில் சந்தா தேவையா?

மாதா மாதம் பணம் கட்டாமலும் படங்களைத் திருத்தலாம். எந்த வேலைக்கு எந்த சாஃப்ட்வேர் என்பதில்தான் சூட்சுமம்.

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக்ஸ் சிட்டியையும் பொம்மசந்திராவையும் தாண்டினால் வருவது சந்தாபுரா. சுற்றிலும் தொழிற்சாலைகள். பிழைப்புத் தேடி வந்தவர்களில் தமிழர்களும் உண்டு. இப்படிப்பட்ட ஊரில் ஒரு சிறிய போட்டோ ஸ்டூடியோவுக்கு என்ன வேலை வரும் என்று ஊகிப்பது சிரமமல்ல: பாஸ்போர்ட் சைஸ் படம், வளைகாப்பு, முகூர்த்த நாட்களில் கல்யாண ஆல்பம். கேமராவுக்கு ஒருமுறை பணம் கொடுத்தால் போதும். படத்தைத் திருத்தும் சாஃப்ட்வேருக்கோ, வேலை வந்தாலும் வராவிட்டாலும் சந்தா கட்டியாக வேண்டும்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1990-ல் அடோபி நிறுவனம் வெளியிட்ட போட்டோஷாப்பை பல ஆண்டுகள் மொத்தமாக விலைக்கு வாங்க முடிந்தது. 2012-ல் வந்த சிஎஸ்6 தான் அப்படிக் கிடைத்த கடைசிப் பதிப்பு. 2013 மே மாதம் நிறுவனம் சந்தா முறைக்கு மாறுவதாக அறிவித்தது. அதன் எளிய வடிவமான எலிமென்ட்ஸும் 2025 பதிப்பிலிருந்து மூன்றாண்டு உரிமமாகத்தான் விற்கப்படுகிறது.

குறுக்குவழி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: திருட்டு காப்பி. ஆனால் 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 63-பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருட்டு காப்பி என்று தெரிந்தே ஒரு சாஃப்ட்வேரைப் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபாரத்துக்காக அல்ல என்றால் நீதிமன்றம் சலுகை காட்டலாம். காசு வாங்கிப் படம் எடுக்கும் ஸ்டூடியோ அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. திருட்டு காப்பியோடு வைரஸும் வந்து கல்யாணப் படங்களையே அழித்துவிட்டால், நஷ்டத்தை எந்த அபராதத்தாலும் ஈடுகட்ட முடியாது.

இத்தனைக்கும் அந்த அபாயம் தேவையே இல்லை. பாஸ்போர்ட் படத்தையே எடுத்துக்கொள்ளலாம். 35-க்கு 45 மில்லிமீட்டர் படம் என்பது, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 413-க்கு 531 பிக்ஸல்தான். 4-க்கு 6 அங்குலத் தாளில் எட்டு பிரதிகள் அடங்கும். பின்னணியை வெள்ளையாக்கி, வெளிச்சத்தைச் சரிசெய்ய கிம்ப் தாராளமாகப் போதும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் 1995-ல் தொடங்கிய இந்த சாஃப்ட்வேர் இலவசம். வியாபாரத்துக்கும் தடையில்லை. கேமராவின் ரா ஃபைல்களை நூற்றுக்கணக்கில் ஒரே சீராகத் திருத்த டார்க்டேபிள், ராதெரபீ என்ற இரண்டு இலவச சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன.

சிக்கல் ஆல்பத்தில் ஆரம்பிக்கிறது. ஆல்பம் வடிவமைப்பவர்கள் நம்பியிருக்கும் ரெடிமேட் டிசைன்கள் பெரும்பாலும் போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைல்கள். கிம்ப் அவற்றைத் திறக்கும். ஆனால் சில அலங்காரங்கள் இடம் மாறும், சில காணாமல் போகும். பிரவுசரிலேயே இயங்கும் போட்டோபியா இதில் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. விளம்பரங்களைச் சகித்துக்கொண்டால் அதுவும் இலவசம்.

இன்னொரு கணக்கும் உண்டு. 12-க்கு 36 அங்குல ஆல்பப் பக்கம் 300 புள்ளிக் கணக்கில் கிட்டத்தட்ட 3.9 கோடி பிக்ஸல். அதன் ஒரு முழு லேயருக்கே சுமார் 117 எம்பி நினைவகம் வேண்டும். பத்து லேயர் சேர்ந்தால் ஒரு ஜிபியைத் தாண்டும். சாஃப்ட்வேர் எதுவானாலும் பழைய கம்ப்யூட்டர் திணறும். சந்தாவில் மிச்சமாகும் பணத்தில் ராம் வாங்கிப் போடுவது நல்ல முதலீடு.

எல்லை ஊருக்கு உரிய தேவை ஒன்றும் இருக்கிறது. மணமக்கள் பெயர் ஒரு ஆல்பத்தில் கன்னடத்திலும் அடுத்ததில் தமிழிலும் வரும். யூனிகோட் எழுத்துகளை கிம்ப் கொம்பு, கால் பிசகாமல் காட்டுகிறது. ஃப்ளெக்ஸ் பேனர் அச்சுக்கு சிஎம்ஒய்கே நிற முறையிலேயே வேலை செய்ய வேண்டுமென்றால் மட்டும் அது இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறது.

இலவசம் என்ற சொல்லை அப்படியே நம்பிவிடவும் கூடாது. கூகுளின் பிகாசா 2016-ல் கைவிடப்பட்டது. அதே ஆண்டு கூகுள் இலவசமாக்கிய நிக் கலெக்‌ஷன் மறு ஆண்டே வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, பின்னர் விலைப்பொருளானது. ஒரே தடவை காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேராக 2015-ல் வந்த அஃபினிட்டி போட்டோவின் நிறுவனத்தை கான்வா 2024-ல் வாங்கியது. 2025 அக்டோபரில் புதிய அஃபினிட்டியை இலவசமாக்கியது. நல்ல செய்திதான். ஆனால் கொடுத்தவர் நாளை மனம் மாறலாம். கிம்ப், டார்க்டேபிள் போன்றவற்றின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதால், யார் கைவிட்டாலும் வேறொருவர் தொடர முடியும்.

எனவே முகூர்த்த சீசனில் சாஃப்ட்வேரை மாற்றுவது புத்திசாலித்தனமல்ல. ஆடி மாதம் அதற்கென்றே இருக்கிறது. பழைய ஆல்பம் ஒன்றைப் புதிய சாஃப்ட்வேரில் முதலிலிருந்து செய்து பார்த்தால் குறைநிறை தெரிந்துவிடும். முடிந்த வேலையை டிஃப் அல்லது ஜேபெக் ஆகவும் சேமித்து, மூலப் படங்களைத் தனியே வைத்துக்கொண்டால் எந்த நிறுவனத்தின் முடிவும் பாதிக்காது. மாதம் பத்து ஆல்பம் செய்பவருக்குச் சந்தா கட்டுப்படியாகலாம். இரண்டு ஆல்பமும் மீதியெல்லாம் பாஸ்போர்ட் படமும் என்றால், கட்டாத சந்தாவே லாபம்.