மாத்திரை தீரும் முன்பே தேடுங்க!

சிதம்பரத்தில் கிடைக்காத மாத்திரைக்காகக் கடலூர் வரை பஸ் ஏறி, அங்கேயும் 'ஸ்டாக் இல்லை' என்ற பதிலோடு திரும்பியிருக்கிறீர்களா? இனி கிளம்பும் முன் ஒரு போன் போடுங்க.

'ஜன் ஔஷதி சுகம்' செயலியில் அருகிலுள்ள மக்கள் மருந்தகத்தைத் தேடலாம். 2025 பிப்ரவரி 24 அன்று தமிழகம் முழுவதும் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன, அங்கேயும் விசாரியுங்க.

பிராண்டு பெயர் மட்டும் போதாது. அட்டையில் உள்ள மூலப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் சொல்லுங்க. அதே மருந்து வேறு கம்பெனி பெயரில் இருக்கலாம். மூலப்பெயரோ அளவோ மாறினால், டாக்டரைக் கேட்காமல் வாங்காதீங்க.

வலிப்பு, சர்க்கரை, பிரஷர் மருந்துகளை இடையில் நிறுத்துவது ஆபத்து. ஒரு வார மாத்திரை கையில் இருக்கும்போதே தேடுங்க. எங்கேயும் கிடைக்கவில்லையா? டாக்டரிடம் மாற்று மருந்து கேளுங்க. மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.