கணினி விழிக்கையில் சுட்டி உறங்குவதேன்?



நம் பள்ளிக் கணினிக் கூடத்தின் நான்காம் எண் கணினியைப் பற்றி இவ்வாண்டு தோட்டத்தில் பலவாறு பேசப்பட்டது. ‘ஒரு பிள்ளை மவுசை உடைத்துவிட்டதாம்’ என்னும் செய்தி லயத்திலிருந்து கடைவீதி வரை சென்றது. அச்செய்தி பிழையானது. அப்பிழை பரவுவதற்கு நாமே காரணமாய் இருந்தோம் என்பதை இம்மலரின் வாயிலாகத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளோம். அத்துடன், கணினியை முடுக்கிய வேளையில் சுட்டி அசையாது நின்றுவிட்டால் அதன் காரணத்தை எவ்வாறு தேடுவது என்பதையும் விளக்க விழைகிறோம். பழைய கணினியோ மடிக்கணினியோ இப்பொழுது நம் லயங்களிலும் பல வீடுகளுக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் அதனை முடுக்குவர், சுட்டி அசையாது, பெற்றோர் பிள்ளையைக் கடிந்துகொள்வர். நாம் செய்ததும் அதுவே.

முதற்கண் சுட்டியைப் பற்றிச் சில சொற்கள். பிள்ளைகள் மவுஸ் என்கின்றனர். நாட்டு மொழியில் தெத்திக்குஸ் என்பர். நாம் சுட்டி என்கிறோம். இதனைக் கண்டவர் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அமெரிக்கர். 1964-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக் கழகத்தில், அவருடைய எண்ணத்திற்கேற்ப பில் இங்கிலீஷ் என்னும் பொறியாளர் முதற் சுட்டியைச் செய்து முடித்தார். அது ஒரு சிறு மரப்பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்த இரண்டு சக்கரங்கள். மேலே ஒரே ஒரு பொத்தான். ஒரு சக்கரம் இட வல அசைவையும், மற்றது முன் பின் அசைவையும் அளந்து சொல்லும். 1968 டிசம்பர் 9-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் அறிஞர் பலர் கூடிய அவையில் எங்கல்பார்ட் அதனை இயக்கிக் காட்டினார். சக்கரத்தின் இடத்தைப் பின்னாளில் உருண்டை பிடித்தது. இன்றைய சுட்டியில் சக்கரமும் இல்லை, உருண்டையும் இல்லை. அடியில் ஒரு சிறு விளக்கும், படம் பிடிக்கும் நுண்கண் ஒன்றும் உள்ளன. அக்கண் நொடிக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்ட முறை மேசைப்பரப்பைப் படம் பிடித்து, ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு தான் நகர்ந்த தொலைவை அறிகிறது. கண்ணாடி மேசையின் மீது பல சுட்டிகள் தடுமாறுவது இதனாலேயே. பார்ப்பதற்கு அடையாளம் ஏதுமற்ற பரப்பில் கண் என்ன செய்யும்? ஒரு பழைய நாட்காட்டித் தாளை அடியில் விரித்தால் போதும்.

இனி நடந்ததைக் கூறுவோம்.

ஒரு புதன்கிழமை பிற்பகல் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி நான்காம் கணினியில் பயிற்சி செய்துவிட்டு, முறையாக அணைத்துவிட்டு வீடு சென்றாள். வியாழன் காலையில் முதலில் வந்து கணினியை முடுக்கியவளும் அவளே. திரை ஒளிர்ந்தது, சுட்டி அசையவில்லை. நாம் அவளை வகுப்பினர் அனைவரின் முன்னிலையிலும் நிறுத்தி, “கீழே போட்டாயா? கம்பியை இழுத்தாயா?” என்று வினவினோம். அவள், “இல்லை ஐயா, முதலில் சிவப்பு விளக்கு...” என்று தொடங்கினாள். நாம் முடிக்க விடவில்லை.

அன்று மாலையே அவளுடைய தந்தையார் வந்தார். செம்பனைக் குலை அறுக்கும் தொழிலாளி. வேலை உடையுடனே வந்து, மடித்த தாள்களாக 25 வெள்ளியை நம் மேசைமீது வைத்து, “பிள்ளை தெரியாமல் செய்திருக்கும் ஐயா, புதிதாக வாங்கிப் போடுங்கள்” என்றார். நாமும் பெற்றுக்கொண்டோம். சனிக்கிழமை பட்டணத்திற்குச் சென்று அப்பணத்தில் புதிய சுட்டியொன்று வாங்கி, திங்கட்கிழமை காலை பழையதை எடுத்துவிட்டு அதே துளையில் பொருத்தினோம். கணினி எழுந்தது. புதிய சுட்டியும் அசையவில்லை.

அந்த நேரத்தில் நம் மனம் பட்ட பாட்டை எழுத வேண்டுவதில்லை. கணினிப் பொறுப்பாசிரியை பழைய சுட்டியை எடுத்துச் சென்று ஏழாம் கணினியில் பொருத்தினார். அங்கு அது ஓடி விளையாடியது. ஆகவே பழுது சுட்டியில் இல்லை. இந்த ஒரு சோதனையை வியாழன் அன்றே செய்திருக்கலாம். இரண்டு நிமிடப் பணி. ஐயத்திற்குரிய பொருளை நல்ல இடத்தில் வைத்துப் பார்த்தல், நல்ல பொருளை ஐயத்திற்குரிய இடத்தில் வைத்துப் பார்த்தல் என்னும் இவ்விரண்டையும் செய்யாமல் காசு செலவிடலாகாது.

பின்னர் அம்மாணவியை அழைத்து, அன்று சொல்ல வந்ததைச் சொல்லும்படி கேட்டோம். “முதலில் சிவப்பு விளக்கு நன்றாக எரிந்தது ஐயா. விண்டோஸ் வந்தவுடன் அணைந்துவிட்டது” என்றாள். காரணத்தைக் காட்டும் வழி அச்சொல்லில் முழுவதுமாக இருந்தது. ஏன் என்பதை விளக்குவோம்.

கணினி விழித்தெழுவது இரண்டு கட்டமாக நிகழ்வது. மின்விசையை அழுத்தியவுடன் பயாஸ் என்னும் சிறு நிரல் முதலில் எழுகிறது. இதனை நம் தோட்டத்து இரவு ஜாகாவுக்கு ஒப்பிடலாம். விசைப்பலகை இருக்கிறதா, திரை இருக்கிறதா என்று பார்த்து, அவற்றைத் தற்காலிகமாகத் தன் பொறுப்பில் வைத்திருக்கும். பின்னர் இயங்குதளம் எழும். அது காலைப் பெரட்டுக்கு வரும் கிராணியைப் போன்றது. ஜாகா சொன்னதை நம்பிப் பேர் போடும் வழக்கம் கிராணிக்கு இல்லை. எல்லாரையும் மீண்டும் நிறுத்தி, ஒவ்வொருவராக அழைத்து, பதில் கொடுத்தவர்க்கு மட்டுமே நிரை பிரித்துத் தருவார். இயங்குதளமும் யுஎஸ்பி துளைகளில் உள்ள கருவிகள் ஒவ்வொன்றையும் தொடக்க நிலைக்குத் திருப்பி, ‘நீ யார், உனக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்?’ என்று கேட்கிறது. கருவி விடையளித்தால் அதற்கு ஓர் எண்ணை முகவரியாக அளித்து, அதனை நடத்தும் இயக்கி என்னும் நிரலை ஏற்றுகிறது. இவ்விடத்தில் ஏதேனும் தடை நேர்ந்தால், சற்று முன்வரை உயிரோடிருந்த சுட்டி அடங்கிவிடுகிறது.

ஆகவே எப்பொழுது நின்றது என்பதே முதற் கேள்வி. கணினியை முடுக்கியது முதலே விளக்கு எரியாவிட்டால் கம்பியையோ, துளையையோ, சுட்டியையோ ஐயுறலாம். சுட்டியின் கம்பி உட்செல்லும் கழுத்துப் பகுதியில் உள்ளே அறுந்திருப்பது உண்டு. அவ்விடத்தை மெல்ல வளைத்தால் விளக்கு சிமிட்டும். தொடக்கத்தில் எரிந்து, இயங்குதளம் வந்தபின் அணைந்தால், சுட்டி நல்லதே; கைமாற்றத்தில் கோளாறு எனக் கொள்ளலாம்.

நம் கணினியில் கைமாற்றம் ஏன் தவறியது? சுட்டி நேரடியாகக் கணினியில் பொருத்தப்படவில்லை. ஹப் என்னும் நான்கு துளைச் சிறுபெட்டியின் வழியாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதே பெட்டியில் ஒலிபெருக்கியும் இருந்தது. புதன்கிழமை மாலை, அம்மாணவி வீடு சென்ற பின்னர், மறுநாள் நடைபெறவிருந்த இணையக் கூட்டத்திற்காக ஒரு கேமராவை அப்பெட்டியில் பொருத்தியது நம் கையேதான். கணினி அணைந்திருந்ததால் விளைவு அப்பொழுது தெரியவில்லை. கூட்டத்தைப் பின்னர்க் கைபேசியிலேயே நடத்தி முடித்தோம், கேமராவை மறந்தோம்.

யுஎஸ்பி 2.0 வகைத் துளை ஒன்று 5 வோல்ட் அழுத்தத்தில் 500 மில்லியாம்பியர் வரை மின்னோட்டம் தரும் என்பது விதி. தனி மின்சாரம் இல்லாத ஹப், தானும் உண்டு, மீதியைப் பிரித்துக் கொடுக்கவேண்டும். ஒரு துளைக்கு 100 மில்லியாம்பியருக்குமேல் அதனிடம் எதிர்பார்க்க இயலாது. சுட்டிக்கு அது தாராளம். கேமராவுக்கும் ஒலிபெருக்கிக்கும் போதாது. பயாஸ் ஆளும் வரையில் கேமராவை எழுப்புவார் இல்லை; அது சும்மா இருந்தது, சுட்டியின் விளக்கும் எரிந்தது. இயங்குதளம் வந்து கேமராவை எழுப்பியதும் இழுப்பு அளவை மீறியது. தீங்கு நேராதிருக்கக் கணினி அத்துளையையே மூடிவிட்டது. ஒலிபெருக்கியும் அத்துடன் ஊமையாகியிருந்தது, எவரும் கவனிக்கவில்லை. விசைப்பலகை நேரே பின்புறத் துளையில் இருந்தமையால் அது மட்டும் தப்பியது. கேமராவைக் கழற்றி, கணினியை அணைத்து மீண்டும் முடுக்கினோம். சுட்டி உடனே அசைந்தது.

அன்று மாலை நாமே லயத்திற்குச் சென்று 25 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தோம். தந்தையார் வாங்கத் தயங்கினார். மறுநாள் காலை, எந்த வகுப்பின் முன்னிலையில் வினவினோமோ அவ்வகுப்பின் முன்னிலையிலேயே தவறு நம்முடையது என்று அம்மாணவியிடம் சொன்னோம்.

வீடுகளில் இந்நிலை நேர்ந்தால் காரணம் வேறாகவும் இருக்கலாம். ஒன்று மிகுதியாகக் காணப்படுவது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு ‘விரைவுத் தொடக்கம்’ என்னும் வசதி உள்ளது. கணினியை நாம் அணைக்கும்போது அது முழுவதும் அணைவதில்லை. தன் உள்நிலையின் ஒரு பகுதியை வட்டில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்துப் படித்து விரைவில் எழுகிறது. நேற்றைய குழப்பமும் அத்துடன் எழுவதுண்டு. ‘மறுதொடக்கம்’ செய்யும்போது மட்டும் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆகவே அணைத்து அணைத்து முடுக்கியும் அசையாத சுட்டி, ஒரே மறுதொடக்கத்தில் அசைவது விந்தையன்று. சுட்டியின்றி மறுதொடக்கம் செய்ய, முகப்புத்திரையில் ஆல்ட் விசையை அழுத்தியவாறே எஃப் 4 விசையைத் தட்டுக; தோன்றும் சிறு கட்டத்தில் அம்புக்குறி விசைகளால் மறுதொடக்கத்தைத் தேர்ந்து என்டர் விசையைத் தட்டுக.

எண்பலகை உள்ள விசைப்பலகையாயின் மற்றொரு வழியும் உண்டு. இடப்புற ஆல்ட், இடப்புற ஷிப்ட், நம் லாக் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் கேள்விக்கு என்டர் தட்டினால், எண்பலகையே சுட்டியாகிவிடும். 8 மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம், 5 சொடுக்கு. மாணவர்கள் இதை விளையாட்டாகவே கற்றுக்கொண்டுவிட்டனர். நமக்குத்தான் இரண்டு நாள் பிடித்தது.

மிகப் பழைய கணினி வைத்திருப்போர் பச்சை நிற வட்டச் செருகி உள்ள சுட்டியைப் பயன்படுத்தக்கூடும். அதனைக் கணினி ஓடும்போது கழற்றவோ பொருத்தவோ கூடாது. அணைத்துவிட்டுப் பொருத்தி, பிறகே முடுக்க வேண்டும். கம்பியில்லாச் சுட்டியாயின் முதலில் மின்கலத்தை மாற்றிப் பாருங்கள். அதற்குமேல் அதனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

கைமாற்றக் கோளாறு நம் கணினிக்கு மட்டும் உரியதன்று. 2015-இல் இன்டெல் நிறுவனத்தின் ஆறாம் தலைமுறைச் செயலிகள் வந்தபோது, அவற்றில் 2009-ஆம் ஆண்டின் விண்டோஸ் 7-ஐ நிறுவ முயன்றோர் பலர் இதே நிலையைக் கண்டனர். பயாஸில் சுட்டி இயங்கும். நிறுவத் தொடங்கியதும் சுட்டியும் விசைப்பலகையும் ஒருங்கே அடங்கும். புதிய யுஎஸ்பி கட்டுப்பாட்டுப் பொறிக்கு உரிய இயக்கி அப்பழைய இயங்குதளத்தில் இல்லாததே காரணம். 2025 அக்டோபர் 14-ஆம் நாள் வெளியான விண்டோஸ் 11 புதுப்பிப்பு ஒன்றிலும், கணினியைச் சீர்செய்வதற்கென்றே அமைந்த மீட்புத்திரையில் யுஎஸ்பி சுட்டியும் விசைப்பலகையும் இயங்காமற் போயின. அக்டோபர் 20-இல் திருத்தம் வெளியிடப்பட்டது. இடைப்பட்ட நாள்களில் பழைய வட்டச் செருகிக் கருவிகள் அங்கு இயங்கின. கிழடு என்று ஒதுக்கியவை கைகொடுத்த நாள்கள் அவை.

பெற்றோர் எவரேனும் வீட்டுக் கணினியில் இத்தகைய தொல்லை கண்டால், கடைக்கு எடுத்துச் செல்லுமுன் சுட்டியை மட்டும் பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள். பொறுப்பாசிரியை வேறொரு கணினியில் சோதித்துத் தருவார். கட்டணம் இல்லை. நான்காம் கணினியில் இன்றும் அந்தப் பழைய சுட்டியே உள்ளது. கேமராவுக்குப் பின்புறத்தில் தனித்துளை கொடுத்தாகிவிட்டது. புதிய சுட்டியின் விலையை நாமே ஏற்றுக்கொண்டோம். அது உறையோடு அலமாரியில் இருக்கிறது.