தங்கவயலில் விளைந்தது என்ன?

சாலைக் கடைத்தெரு வழியே செல்வோர் நகைக்கடைகளைக் காணாமல் செல்ல முடியாது. அரிசிக்கும் பருப்புக்கும் மளிகைக்கும் பெயர்போன அத்தெருவில் பொன்னுக்கும் தனி மதிப்பு உண்டு. “இன்று பவுன் என்ன விலை?” என்று கேட்காத வீடு நம்மிடையே இல்லை. ஆனால் அந்தப் பொன் பாறையிலிருந்து எவ்வாறு வெளிவருகிறது, அதற்காக யார் யார் என்ன விலை கொடுத்தனர் என்று கேட்போர் மிகச் சிலரே. அக்கேள்விக்கு விடை சொல்லத்தக்க இடம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. அதுதான் இன்றைய கர்நாடக மாநிலத்தில், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கிழக்கே உள்ள கோலார் தங்கவயல். அங்கே பொன் தோண்டிய கைகளுள் பெரும்பாலானவை தமிழர் கைகள். ஆதலின் அதன் வரலாறு தமிழ் மாணவராகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறாகும்.

கோலாரில் பொன் உண்டு என்பதை வெள்ளையர் கண்டுபிடித்ததாகச் சிலர் கூறுவர். அது பொருந்தாது. 1802ஆம் ஆண்டில் மைசூர் நாட்டின் கிழக்கு எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன் என்னும் அதிகாரி, பொன் இருக்கும் இடத்தைக் காட்டுவோருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். உரிகம் கிராமத்து மக்கள் மண்ணை மாட்டுவண்டிகளில் ஏற்றி வந்து, அவர் கண்முன்னே கழுவிப் பொன் துகள்களை எடுத்துக் காட்டினர். மாரிக்குப்பத்தருகே மக்கள் குழிக்குள் இறங்கிக் கல்லுடைப்பதையும் அவர் கண்டார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தோண்டப்பட்ட ஆழ்ந்த குழிகளும் அங்கே இருந்தன.

பின்னர், நியூசிலாந்துப் போரில் பணியாற்றித் திரும்பிய லவெல் என்னும் அயர்லாந்துக்காரர் வாரனின் அறிக்கையைப் படித்தார். 1873இல் மைசூர் அரசிடமிருந்து தோண்டும் உரிமையைப் பெற்றார். ஆழம் போகப் போகப் பணம் மிகுதியாகத் தேவைப்பட்டதால் அவ்வுரிமை மற்றவர் கைக்கு மாறியது. 1880இல் இலண்டன் நகரத்து ஜான் டெய்லர் கம்பெனியார் வந்து சேர்ந்தனர்.

இங்கே நம் அண்டையிலுள்ள வயநாட்டையும் நினைத்துப் பார்ப்பது பயனுடையது. அதே ஆண்டுகளில் தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளிலும் பொன் மோகம் மூண்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து நிபுணர் ஒருவர் வரவழைக்கப்பட்டு அறிக்கை தந்தார். இலண்டனில் கம்பெனிகள் பல முளைத்தன. பங்குகள் போட்டி போட்டு விற்றன. ஆனால் பாறையில் கிடைத்த பொன் செலவுக்குக் கட்டவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பெரும்பாலான கம்பெனிகள் மூடப்பட்டன. கோலாருக்கும் அக்கதியே நேர இருந்தது. போட்ட முதல் தீரும் நிலையில், 1883ஆம் ஆண்டளவில், பழங்காலத்தார் தோண்டிவிட்டுச் சென்ற குழிகளின் கீழே மீண்டும் ஆழமாகத் தோண்டிப் பார்த்தனர். அங்கேதான் ‘சாம்பியன்’ எனப் பெயர்பெற்ற செழிப்பான பொற்படிவம் அகப்பட்டது. வழி காட்டியவை பெயரறியாத பழைய உழைப்பாளிகளின் குழிகளே.

பொற்படிவம் என்றால் தங்கக் கட்டிகளின் அடுக்கு என்று எண்ணிவிடலாகாது. கரும்பாறைகளுக்கிடையே, சில அடி அகலமே உள்ள வெண்கல் பட்டையொன்று செங்குத்தாகச் சரிந்து பூமிக்குள் செல்கிறது. அந்தக் கல்லில் கண்ணுக்குப் புலப்படாத அளவில் பொன் கலந்திருக்கிறது. தொடக்க காலத்தில் ஒரு டன் கல்லில் ஓர் அவுன்சுக்கு மேல், அதாவது 31 கிராமுக்கு மேல், பொன் கிடைத்தது. ஒரு பவுன் 8 கிராம் எனக் கொண்டால், டன்னுக்கு ஏறத்தாழ நான்கு பவுன். கடைசிக் காலத்திலோ டன்னுக்கு நான்கு கிராம்கூடத் தேறவில்லை. ஒரு பவுனுக்காக இரண்டு டன்னுக்கு மேல் கல்லை வெட்டி, மேலே தூக்கி, மாவாக இடிக்க வேண்டியிருந்தது.

பொன்னைப் பிரிக்கும் முறையையும் சுருக்கமாகக் காண்போம். இரும்பு உலக்கைகள் பூட்டிய இயந்திரங்கள் கல்லைப் பொடியாக இடிக்கும். அப்பொடியை நீருடன் சேர்த்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓட விடுவர். பாதரசம் பொன்னைப் பற்றிக்கொள்ளும். அக்கலவையைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகப் பிரிந்துவிட, பொன் எஞ்சும். தகட்டில் பிடிபடாத பொன்னும் உண்டு. அதற்காக, 1887இல் காப்புரிமை பெற்ற சயனைடு முறை 1890களில் தங்கவயலிலும் கையாளப்பட்டது. சயனைடு கரைசல் பொன்னைக் கரைத்துக்கொள்ளும். துத்தநாகத்தைச் சேர்த்தால் கரைந்த பொன் மீண்டும் படியும். பிறகு மிஞ்சும் கல்மாவைச் சுரங்கத்தின் அருகிலேயே கொட்டிவிடுவர். அது நாளடைவில் மலையாக வளர்ந்தது.

இவ்வளவு வேலைக்கும் மின்சாரம் வேண்டுமன்றோ? காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் 1902இல் மின் உற்பத்தி தொடங்கியதே தங்கவயலுக்காகத்தான். 92 மைல் தூரம் கம்பி இழுத்துச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுசென்றனர். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதன் பின்னர், 1905இல். அதே 1905இல் தங்கவயல் ஓராண்டில் ஆறு இலட்சம் அவுன்சுக்கு மேல் பொன்னைத் தந்தது. மைசூர் அரசுக்கு உரிமைத் தொகை நூற்றுக்கு ஐந்து. இலாபம் இலண்டன் பங்குதாரருக்கு.

கல்லை வெட்டியவர் யாவர்? வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த ஏழை எளியோர். நிலமற்றவர்களாகவும் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானவர்களாகவும் இருந்த மக்களே அவர்களுள் மிகுதி. கம்பெனி அவர்களை மூங்கில் தட்டிக் குடிசைகளில் வரிசை வரிசையாகக் குடிவைத்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் முடிவில் 10,500 அடி ஆழத்தை எட்டியது. அங்கே பாறையின் வெப்பம் 65 பாகைக்கு மேல். குளிர்காற்றை உள்ளே செலுத்தினாலொழிய மனிதன் நிற்க இயலாது. மேலுள்ள பாறையின் அழுத்தத்தால் சுவர்கள் திடீரென்று வெடித்துச் சிதறும். அடைபட்ட காற்றே வெடிக்கிறது என்று முதலில் கருதியதால், தொழிலாளர் அதனை ‘ஏர் பிளாஸ்ட்’ என்றனர். அதில் மாண்டவர் பலர். மற்றொரு பகைவன் ஓசையின்றி வருவான். கல்தூள் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்னும் நோயைத் தரும். 1940களில் 7,653 தொழிலாளரைச் சோதித்தபோது, பத்தில் நான்கு பேருக்கு மேல் அந்நோய் இருக்கக் கண்டனர்.

இத்தனைக்கும் அவர்கள் எப்போதும் ஐயத்துக்குரியவர்களாகவே நடத்தப்பட்டனர். பொன் கலந்த மண் கையில் இருந்தாலே அது குற்றம். 1930இல் ஒவ்வொருவரும் கைரேகை பதிய வேண்டும் என்று ஆணை பிறந்தபோது, தொழிலாளர் ஒன்றுதிரண்டு வேலைநிறுத்தம் செய்தனர். குற்றவாளியிடம் கைரேகை வாங்குவதுபோல் உழைப்பாளியிடம் வாங்குவதா என்பதே அவர்கள் மானத்தின் கேள்வி.

அம்மக்கள் பொன்னோடு நிற்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் 1907ஆம் ஆண்டளவிலேயே மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் நின்றுபோன பின், 1926இல் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் அதனை மீண்டும் வெளியிட்டார். சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. பகலெல்லாம் பூமிக்கடியில் இருந்தவர்கள், மேலே வந்து படிப்பகமும் பள்ளியும் அமைத்தனர். அறிவியலுக்கும் அச்சுரங்கம் உதவியது. 1965இல் சாம்பியன் ரீப்பின் ஆழத்தில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து அறிஞரும் சேர்ந்து, வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோத் துகள்களின் தடத்தைக் கண்டனர்.

1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. ஆயினும் பொன் குறைந்தது. ஆழமும் செலவும் ஏறின. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. 120 ஆண்டுகளில் எடுத்த பொன் ஏறத்தாழ 800 டன். பவுன் கணக்கில் சொன்னால் பத்துக் கோடி.

அப்பத்துக் கோடியும் உலகெங்கும் சென்றுவிட்டது. தங்கவயலில் நிற்பவை 3 கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவு மேடுகள். ஊரார் அவற்றைச் சயனைடு மலை என்கின்றனர். காற்றடிக்கும் மாதங்களில் அந்த வெண்புழுதி வீடுகளிலும் மூச்சிலும் புகுகிறது. தோண்டியவர்களின் பேரப்பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர்.

கழிவைக் கரைகட்டி மூடுவதும், அதில் மரம் வளர்ப்பதும், நோயுற்ற முதியோருக்கு மருத்துவம் தருவதும் அந்த ஊருக்கு நாடு செலுத்த வேண்டிய கடன். நமக்கும் ஒரு கடமை உண்டு. தங்கவயலில் அச்சான தமிழ் நூல்களும் இதழ்களும் பழைய வீடுகளில் செல்லரித்துக் கிடத்தல் கூடாது. அவற்றைத் தேடித் தொகுத்து நம் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்க்கும் பணியைத் தமிழ் மாணவர் மேற்கொள்ளலாம். அம்மக்கள் வெட்டிய பொன்னில் அவர்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை. அவர்கள் எழுதிய எழுத்தாவது அவர்கள் பெயரால் நிலைக்கட்டும்.