முந்நூறுக்குக் கீழே

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் 300 என்ற எண் இரண்டு முக்கியமான இடங்களில் நிற்கிறது. 300 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் ஆலை ஆட்குறைப்புக்கோ, ஆலையை மூடுவதற்கோ அரசின் முன் அனுமதியைக் கேட்க வேண்டியதில்லை. அதே அளவுள்ள ஆலைக்கு நிலையாணைகளும் கட்டாயமில்லை. நிலையாணைகள் என்பவை ஷிப்ட், விடுப்பு, தண்டனை, வேலைநீக்கம் ஆகியவற்றுக்கான எழுதப்பட்ட விதிகள். முந்தைய மத்தியச் சட்டங்களில் இந்த இரண்டு வரம்பும் 100-ஆக இருந்தன. ஆட்குறைப்பு பற்றிய பகுதியில் இன்னொரு வரியும் உண்டு. அரசு அறிவிக்கை மூலம் 300 என்ற எண்ணை உயர்த்தலாம். குறைக்க அந்தப் பிரிவில் வழியில்லை.

புதுச்சேரியின் சேதராப்பட்டில் இருப்பவர்கள் இந்த எண்ணைக் கவனமாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் வானூர் பக்கத்தை ஒட்டிக் கிடக்கும் இந்த ஊரில் அரசு நிறுவனமான பிப்டிக்கின் தொழிற்பேட்டை இருக்கிறது. பக்கத்துக் கரசூரையும் சேர்த்துச் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று சுமார் 750 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டு, நெடுங்காலம் சும்மா கிடந்ததும் இங்கேதான். வரிச் சலுகை காலத்தில் புதுச்சேரிக்கு வந்த ஆலைகள் பல. ஆனால் பேட்டையில் பெரும்பாலானவை சிறு, நடுத்தர ஆலைகள். 300 பேரை நிரந்தரப் பதிவேட்டில் வைத்திருப்பவை அரிது. அதாவது சட்டத்தின் பெரிய பாதுகாப்புகள் இரண்டும் இந்தப் பேட்டையின் பல கேட்டுகளுக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றன.

சட்டம் ஓர் இடம்வரை வந்து நின்றுவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் புதுச்சேரி ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது.

பிரான்சில் தொழிற்சங்கம் 1884-லேயே சட்டப்படி செல்லுபடியானது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இந்த இரண்டு ஆட்சிகளுக்கும் நடுவில் அகப்பட்ட புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளிக்கு 1937 வரைக்கும் இரண்டுமே எட்டவில்லை. பிரெஞ்சுக் குடியரசின் கொடியின் கீழ் வாழ்ந்தவருக்கு பிரான்சின் தொழிலாளர் சட்டம் கிடையாது. எல்லையைத் தாண்டி விழுப்புரத்தில் வேலை செய்தவருக்கு இருந்த சங்க உரிமையும் கிடையாது. சவானா, ரோடியர், கெப்ளே ஆகிய மூன்று ஆலைகளும் இந்த இடைவெளியில்தான் ஓடின.

1936 ஜூனில் பாரிஸில் லெயோன் புளூம் தலைமையில் இடதுசாரிகளின் மக்கள் முன்னணி அரசு பதவியேற்றது. பிரெஞ்சுத் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து போராடியதன் விளைவாக வாரம் 40 மணி நேர வேலைச் சட்டம் நிறைவேறியது. அதன்பின் ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 30 அன்று புதுச்சேரியில் எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர்கள்மீது அதே பிரான்சின் படை சுட்டது. 12 பேர் இறந்தனர். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா பாரிஸ் வரை சென்று வாதாடினார். பிரெஞ்சு அரசு விசாரணைக்கு ஆள் அனுப்பியது. 1937 ஏப்ரல் 6-இல் வந்த ஆணை பிரெஞ்சிந்தியாவுக்கு எட்டு மணி நேர வேலையையும் சங்கம் வைக்கும் உரிமையையும் தந்தது. ஆசியாவிலேயே முதல் எட்டு மணி நேரம் என்று புதுச்சேரியில் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். பெருமைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒன்பது மாதத்தில் எழுதி முடிக்க முடிந்த ஓர் ஆணையை ஜூலை 30-க்கு முன்னால் ஏன் எழுதவில்லை? கேட்பவர்களுக்கு உள்ளே வர வாசல் இல்லை என்பதுதான் விடை. மனு கொடுக்கச் சட்டப்படி ஒரு சங்கம் இல்லாத இடத்தில் கோரிக்கை தெருவுக்குத்தான் வரும்.

இதே பாடத்தை அமெரிக்கா அதற்கு முன்னால், இன்னும் பெரிய அளவில் படித்தது. அங்கே ஏஎப்எல் என்ற கூட்டமைப்பு பெரும்பாலும் கைத்தொழில் தேர்ந்தவர்களின் சங்கமாக இருந்தது. புதிதாகக் கப்பலிறங்கியவர்கள், பெண்கள், கறுப்பினத்தவர்கள், பயிற்சி இல்லாத கூலிகள் என்று பெரும் கூட்டம் அதற்கு வெளியே கிடந்தது. அவர்களுக்காக 1905 ஜூனில் சிகாகோவில் ‘உலகத் தொழிலாளர்கள்’ என்ற தீவிரச் சங்கம் தொடங்கப்பட்டது. ஐடபிள்யூடபிள்யூ என்பது அதன் சுருக்கப் பெயர். சுரங்கத் தொழிலாளி பில் ஹேவுட் அதன் முகமாக ஆனார். ஆலைக்கு உள்ளேயே உட்கார்ந்து இயந்திரத்தை நிறுத்தும் போராட்டத்தை 1906 டிசம்பரில் ஸ்கெனெக்டடி நகர மின்சாதன ஆலையில் அவர்கள் நடத்திக் காட்டினார்கள். முப்பது வருடம் கழித்து பாரிஸிலும் புதுச்சேரியிலும் அமெரிக்காவின் ஃபிளின்ட் கார் ஆலைகளிலும் நடந்தது அதே முறைதான்.

அந்தச் சங்கத்தின் பெரிய வெற்றி 1912-இல் மாசசூசெட்ஸின் லாரன்ஸ் நகரத்துத் துணி ஆலைகளில் கிடைத்தது. வார வேலை நேரத்தை 56-இலிருந்து 54-ஆகக் குறைத்துச் சட்டம் வந்தது. முதலாளிகள் அந்த இரண்டு மணி நேரக் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். சட்டம் தந்ததைச் சம்பளக் கவர் திரும்ப எடுத்துக்கொண்டது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள். இத்தாலியர், போலந்துக்காரர், சிரியர், லித்துவேனியர் என்று பல மொழிக்காரர்கள் அதில் இருந்தார்கள். இவர்களை ஒன்றுசேர்க்கவே முடியாது என்று பழைய சங்கங்கள் கைவிட்டிருந்தன. ஐடபிள்யூடபிள்யூ ஒவ்வொரு மொழிக்கும் பிரதிநிதியை வைத்துப் போராட்டக் குழு அமைத்தது. இரண்டு மாதத்தில் கூலி உயர்வு கிடைத்தது.

அந்தச் சங்கத்தை முறித்தது எது? துப்பாக்கிச் சூடுகளும் கொலைகளும் நடந்தன. ஆனால் சங்கத்தின் முதுகெலும்பை உடைத்தவை காகிதங்கள். முதல் உலகப் போரைக் காரணம் காட்டி 1917 செப்டம்பர் 5 அன்று நாடு முழுவதும் அதன் அலுவலகங்களில் அரசு சோதனை நடத்தியது. 1918-இல் சிகாகோவில் நடந்த ஒரே வழக்கில் சுமார் நூறு பேர் தண்டிக்கப்பட்டனர். ஹேவுட்டுக்கு 20 வருடம். அவர் பின்னர் சோவியத் ரஷ்யாவுக்குத் தப்பி 1928-இல் அங்கேயே இறந்தார். தீவிரச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதையே குற்றமாக்கும் சட்டங்களைப் பல மாநிலங்கள் இயற்றின. 1935-இல் வாக்னர் சட்டம் சங்க உரிமையை உறுதிசெய்தபோது விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் விட்டுவிட்டது. இன்றைக்கும் அவர்கள் அந்தச் சட்டத்துக்கு வெளியில்தான் இருக்கிறார்கள். தொண்ணூறு வருடம் ஆகிவிட்டது. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தாமாக உள்ளே வருவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சங்கம் இல்லாததன் விலை கூலியில் மட்டும் தெரிவதில்லை. 1909-இல் நியூயார்க் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். பல ஆலைகள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டன. டிரையாங்கிள் ஆலை சங்கத்தை ஏற்க மறுத்தது. 1911 மார்ச் 25 அன்று அங்கே தீப்பிடித்தபோது வெளியேறும் கதவு பூட்டியிருந்தது. 146 பேர் இறந்தனர், பெரும்பாலும் இளம் பெண்கள். இது நூறாண்டுக்கு முந்தைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2025 ஜூன் 30 அன்று தெலங்கானாவின் பாஷமைலாரம் தொழிற்பேட்டையில் மருந்து மூலப்பொருள் ஆலை வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பலர் பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். காணாமல் போன எட்டுப் பேரின் உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. புதுச்சேரியிலும் 2023 நவம்பரில் காலாப்பட்டு மருந்து மூலப்பொருள் ஆலையில் விபத்து நடந்து தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். குழாயில் கசிவு இருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறது என்று வேலை போகும் பயமில்லாமல் சொல்ல ஓர் ஆள் இல்லாத ஆலையில், முதல் எச்சரிக்கையாக விபத்தே வந்து நிற்கிறது.

எதிர்த் தரப்புக்கும் நியாயம் உண்டு. 100 என்ற வரம்பைத் தாண்டினால் கட்டுப்பாடு அதிகம் என்பதால் முதலாளிகள் ஆலையைப் பெரிதாக்கவே தயங்கினார்கள், வரம்பை உயர்த்தினால் வேலை பெருகும் என்பது அவர்கள் வாதம். வலுவான சங்கங்கள் இருந்தும் ரோடியர் மில், பிற்காலத்து ஏஎப்டி, நஷ்டத்தில் தள்ளாடி 2020 ஏப்ரலில் மூடப்பட்டதை யாரும் மறுக்க முடியாது. புதிய சட்டத் தொகுப்புகளில் நல்லதும் இருக்கிறது. எல்லாத் தொழிலாளிக்கும் பணிநியமனக் கடிதம் தர வேண்டும். குறித்த காலப் பணியாளருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உண்டு. பாதுகாப்பு அலுவலர் கட்டாயமாகும் வரம்பு ஆயிரத்திலிருந்து 500-ஆகவும், ஆபத்தான தொழிலில் 250-ஆகவும் இறங்கியிருக்கிறது. ஆனால் 80 பேர் வேலை செய்யும் ஷெட்டில் இந்தக் கடைசிச் சலுகைக்கும் வேலையில்லை.

மற்ற எண்களையும் வரிசையாகப் பாருங்கள். மின்சாரம் பயன்படுத்தும் இடம் தொழிற்சாலை ஆவதற்கு முன்பு 10 பேர் போதும், இப்போது 20 வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் முன்பு 20 பேர் இருந்தால் பொருந்தின, இப்போது 50. ஆகவே 49 பேரை அனுப்பும் கான்ட்ராக்டர் வரம்புக்கு வெளியே நிற்கலாம். வேலைநிறுத்தத்துக்கு எல்லா ஆலையிலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தமே. சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்ட தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதமோ, ஒரு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். முதலாளியின் கடமை தொடங்கும் இந்த எண்கள் ஏறியிருக்கின்றன. தொழிலாளியின் தண்டனைக்கு அப்படிக் குறைந்தபட்ச எண்ணிக்கை எதுவும் இல்லை.

இங்கே 1936 திரும்பிவிடும் என்று சொல்ல வரவில்லை. இன்று யாரும் ஆலை வாசலில் இயந்திரத் துப்பாக்கியை நிறுத்தப்போவதில்லை. ஆபத்து வேறு வடிவில் வரும். ஒப்பந்தக்காரர் மாறினால் பழைய ஆட்கள் காணாமல் போவார்கள். விரல் போனவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் வழக்கமாகிவிடும், ‘எட்டு மணி நேரம்’ புத்தகத்தில் அப்படியே இருக்கும். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21-இல் தினசரி வேலை நேரத்தைத் தளர்த்தும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மே 1-இல் திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். பத்தே நாளில் அது நின்றது, கேட்க ஆட்கள் இருந்ததால். திருப்பெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 2024-இல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்து, நீதிமன்றம்வரை சென்று, அடுத்த வருடம்தான் தங்கள் சங்கத்தைப் பதிவு செய்ய முடிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்க்கும் ஆலையிலேயே இந்த நிலை. 80 பேர் ஷெட்டில் எப்படி இருக்கும் என்று கணக்குப் போடுங்கள்.

அந்த 80 பேருக்கும் சட்டம் விட்டுவைத்த வாசல்கள் இரண்டு உண்டு. ஏழு பேர் சேர்ந்தால் சங்கப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு உறுப்பினராக இருந்தால் போதும், 80 பேர் ஆலையில் எட்டுப் பேர். இருபது பேரோ அதற்கு மேலோ இருக்கும் எந்த நிறுவனத்திலும் முதலாளி, தொழிலாளி சம எண்ணிக்கையில் அமர்ந்த குறைதீர்க்கும் குழு கட்டாயம். அந்தக் குழு உங்கள் ஆலையில் இருக்கிறதா என்று கேளுங்கள். நியமனக் கடிதத்தையும் பிஎஃப் எண்ணையும் இஎஸ்ஐ அட்டையையும் எழுத்தில் வாங்குங்கள். பக்கத்து இயந்திரத்தில் நிற்பவர் ஒடியாவோ இந்தியோ பேசினால் அவரையும் கூட்டத்துக்கு அழையுங்கள். லாரன்ஸில் வெற்றி அப்படித்தான் வந்தது. புதுச்சேரித் தொழிலாளர் துறை, இருபது பேருக்குக் குறையாத, 300-க்குக் கீழே உள்ள ஒவ்வோர் ஆலையிலும் குறைதீர்க்கும் குழு இயங்குகிறதா என்று ஆய்வு செய்து ஆண்டுதோறும் பட்டியல் வெளியிட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.