ஸ்டீரிங் தந்த எச்சரிக்கை

கூலாயில் தங்கையைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அப்பாவின் பழைய காரில்தான் ஸ்கூடாய்க்குப் படிக்கப் போகிறேன். சில நாட்களாக மேடு பள்ளத்தில் ‘டக் டக்’ சத்தம். முன் டயரும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. புது டயர் போட்டால் போதும் என்றிருந்தேன்.

அப்பா ஜாக்கியால் தூக்கி, முட்டுக் கொடுத்து, சக்கரத்தை இடம் வலமாக ஆட்டச் சொன்னார். ஆடியது! டை ராட் எண்ட் தேய்ந்திருந்தது. ஸ்டீரிங்கின் அசைவைச் சக்கரத்திற்குக் கொண்டு செல்லும் மூட்டு அது. அதன் ரப்பர் உறை கிழிந்தால் மண்ணும் நீரும் புகுந்து தேயும். கழன்றுவிட்டால், அந்தச் சக்கரம் ஸ்டீரிங்குக்குக் கட்டுப்படாது.

பட்டறையில் இரு பக்கமும் மாற்றி, அலைன்மெண்ட் பார்த்தோம். அதைப் பார்க்காவிட்டால் புது டயரும் அப்படியே தேயும்.

நண்பர்களே, சத்தம் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். என் பக்கத்து இருக்கையில் தினமும் தங்கை அமர்கிறாள்.